ஸ்கொச் வைத்த கதவு

அறைக்குள் வந்ததும் உருத்திரமூர்த்தி அண்ணை சப்பாத்தைக் கழற்றமாட்டார். முதலில் கதவைச் சாத்துவார். பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு மரத்துண்டை எடுப்பார். ஒரு பக்கம் மூன்று விரல் தடிப்பு. மறுபக்கம் சீவிச் சீவி அட்டை அளவுக்கு மெல்லிசு. குனிந்து, பூட்டுக்கு நேர் கீழே, கதவின் அடியில் அதைச் செருகுவார். சப்பாத்து நுனியால் இரண்டு தரம் தட்டுவார். மூன்றாம் தரம் தட்டியதை நான் பார்த்ததில்லை. பிறகு கதவுப்பிடியைத் தன் பக்கம் இழுத்துப் பார்ப்பார். அசையாவிட்டால்தான் கோட்டைக் கழற்றுவார்.

"ஸ்கொச் வைச்சாச்சு" என்று சொல்வார். எங்களுக்குச் சொல்வது போலவும் இருக்கும், தனக்கே சொல்வது போலவும் இருக்கும்.

எண்பத்தாறாம் ஆண்டு. சுவிஸில், நொஷாட்டல் புகையிரத நிலையத்துக்கு மேலே, ஏற்றமான தெருவில் ஒரு பழைய விடுதியில் அகதிகளுக்கு அறை கொடுத்திருந்தார்கள். மூன்றாம் மாடியில் எங்கள் அறை. மூன்று கட்டில்கள்: அவர், தவச்செல்வன், நான். அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. தவச்செல்வனுக்கு முப்பது, வாய் நீளம். ஒரு உணவகத்தின் குசினியில் வேலை. நான் இருவருக்கும் இளையவன். யன்னலோரக் கட்டிலில் புத்தகத்தோடு கிடப்பேன். கேட்டால் மட்டும் பேசுவேன்.

"ஊரிலை எல்லாரும் ஸ்கொச்சைக் குடிச்சிட்டுப் படுக்கிறவை" என்பான் தவச்செல்வன். "எங்கட அண்ணை அதைக் கதவுக்குப் பருக்கிறார். ஏன் அண்ணை, ஒரு சொட்டு எங்களுக்கும் ஊத்தினால் என்ன?"

"நீ குடிச்சால் உருளுவாய். இது உருளாமல் இருக்கிறதுக்கு" என்பார் அவர்.

அது தண்டவாளத்துச் சொல். காங்கேசன்துறைப் புகையிரத யாட்டில் பதினேழு வருடம் வேலை செய்தவர் அவர். எஞ்சின் கழன்று நிற்கும், சீமெந்து ஏற்றுகிற ரெயில் பெட்டிகளின் சில்லுக்கு அடியில் வைக்கும் மரக்கட்டையை அங்கே ஸ்கொச் என்பார்களாம். தண்டவாளம் போட்ட காலத்தில் ஸ்கொட்லாந்துத் துரைமார் கொண்டுவந்த பெயர் என்று பழைய ஆட்கள் சொல்வார்களாம். அந்தத் துரைமாரின் குடிக்கும் ஸ்கொச்சையும் அவர் ஒருமுறை கண்டிருக்கிறார். ஒரு சுப்பிரின்ரெண்டன் இளைப்பாறிய நாளில், மேசைக்கு நடுவில், யாருக்கும் ஊற்றாமல் வைத்திருந்த போத்தல்.

"எஞ்சின் பூட்டின பெட்டிக்குப் பயமில்லைத் தம்பி" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "அது சத்தம் போட்டுக்கொண்டு வரும். எஞ்சின் இல்லாத பெட்டிதான். காத்துக்கு மெல்ல அசையும். ஒரு சத்தமும் வராது. திரும்பிப் பாக்கேக்கை முதுகுக்குப் பின்னாலை நிக்கும்."

அதற்குப் பிறகு அந்த மரத்துண்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பகலில் அவரும் நானும் மணிக்கூட்டு உதிரிப்பாகங்கள் பொதி செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையில் வேலை செய்தோம். அங்கே ஸ்கொச் என்றால் ஒட்டும் நாடா. மேற்பார்வைக்காரி ஒரு நாளைக்கு ஐம்பது தரம் அந்தச் சொல்லைக் கூவுவாள். முதல்நாள் அவர் தடுமாறவில்லை. அவள் கை போன திசையைப் பார்த்தார், நாடாவை எடுத்துக் கொடுத்தார். பின்னேரம் ஏற்றத்தில் ஏறி வரும்போது சொன்னார்: "இஞ்சை ஒட்டுறதுக்கு அந்தப் பேர். பிழையில்லை. ரெண்டும் ஒரு சாமானை அசையாமல் பிடிச்சு வைச்சிருக்கிறதுக்குத்தானே."

செவ்வாய்க்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் எங்களுக்குப் பிரெஞ்சு படிப்பித்தவர் மொறாக் என்ற பெண்மணி. ஸ்கொட்லாந்தில் பிறந்து சுவிஸ்காரரைக் கலியாணம் செய்தவர். ஆங்கிலத்தில் எங்களோடு பேசக்கூடிய ஒரே வெள்ளைக்காரி என்பதால் எங்கள் கடிதங்கள் எல்லாம் அவரிடம்தான் போகும். தவச்செல்வன் அவரை "ஸ்கொச் மிஸ்" என்று கூப்பிட்டான். அவர் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "எங்கள் ஊர்ச்சனத்தை ஸ்கொட்ஸ் என்றுதான் சொல்லவேண்டும், ஸ்கொச் கடையில் விற்கிறது, என்னைப் போத்தலில் அடைக்காதே" என்றார். அண்ணை மெதுவாக எழுந்து தன் மரக்கட்டையைப் பற்றிக் கேட்டார். அந்தச் சொல் தன் நாட்டிலிருந்து வந்ததா என்பது தனக்குத் தெரியாது, வேறு வேரிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம் என்று மொறாக் சொன்னார். அண்ணையின் முகம் கொஞ்சம் வாடியது.

அன்று என் சின்ன ஆங்கில அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். போத்தல் இருந்தது, மரக்கட்டை இருந்தது. வினைச்சொல்லாக வேறு இரண்டு பொருள்கள். வதந்தியை முளையிலேயே அடக்குவது ஒன்று. கொல்லாமல், ஆனால் மறுபடி எழும்ப முடியாதபடி காயப்படுத்துவது மற்றது. கடைசிப் பொருளை நான் அவருக்குச் சொல்லவில்லை.

ஐப்பசியில் அவருக்கு விசாரணைக் கடிதம் வந்தது. இரண்டு வாரம் கழித்து வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. கைவசமுள்ள மூலப் பத்திரங்கள் எல்லாவற்றையும் கொண்டுவரவும். அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிய, அவர் சட்டைக்குள்ளிருந்து ஒரு கடதாசியை எடுத்து மொறாக்கின் மேசையில் வைத்தார். நானும் அன்றுதான் அதைப் பார்த்தேன்.

எண்பத்திநாலு கார்த்திகையில் அவரை இராணுவம் பிடித்து, பத்தொன்பது நாள் வைத்திருந்துவிட்டு, விடும்போது கொடுத்த துண்டு அது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தட்டச்சில் நாலு வரி, ஊதா நிறத்தில் ஒரு முத்திரை. அவர் பிடிபட்டவர் என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே அத்தாட்சி.

அது பளபளவென்று மின்னியது. முன்னும் பின்னும் ஒரு நூல் இடைவெளி இல்லாமல் தொழிற்சாலை நாடாவால் ஒட்டியிருந்தார். உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது, நடுவே சிலுவை போல இரண்டு கோடுகள். நாலாய்க் கிழிந்த கடதாசி. போன கிழமை மதிய இடைவேளைகளில் அடிமட்டம் வைத்து வரி வரியாகப் பொருத்தி ஒட்டினாராம்.

"கிழிஞ்ச கடதாசியோடை கந்தோருக்குப் போறதோ?" என்றார் என்னைப் பார்த்து. பெருமைதான். "பதினேழு வருசம் கவுண்மேந்திலை வேலை செய்தனான்."

மொறாக் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக விளக்கினார். முத்திரை நாடாவுக்கு அடியில் போய்விட்டது. மை கடதாசியில் ஊறியதா என்று விசாரிக்கிறவர்களால் பார்க்க முடியாது. இரண்டு வேறு கடதாசிகளின் துண்டுகளைப் பொருத்தியதாகக் கூடச் சொல்லலாம். கிழிந்த விளிம்புதான் பழைய கிழிசலுக்குச் சாட்சி, அதை மூடிவிட்டீர்கள். கிழிந்தபடியே கொண்டுபோயிருக்க வேண்டும்.

"யார் கிழித்தது?" என்று கேட்டார்.

அண்ணை கடதாசியை மடிக்கப் பார்த்தார். நாடாவின் விறைப்பில் அது மடியவில்லை.

அன்று பின்னேரம் சோறு சமைத்துவிட்டுத் தரையில் இருந்து சாப்பிட்டோம். கதவுக்கு ஸ்கொச் வைத்திருந்தது. விசயத்தைக் கேட்டுவிட்டுத் தவச்செல்வன் சொன்னான்: "இதுக்கேன் மண்டையைப் போட்டு உடைக்கிறியள்? ஆமிக்காரன் செக்பொயின்ரிலை கிழிச்சவன் எண்டு சொல்லுங்கோ. ஒரு வசனம். அவங்கள் எழுதிப்போட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவாங்கள்."

"ஆமி கிழிக்கேல்லை."

"கிழிக்காட்டில் என்ன? அவங்கள் செய்யமாட்டாததையோ சொல்லுறம்? வீட்டை எரிச்சவனுக்குக் கடதாசி கிழிக்கத் தெரியாதோ?"

அண்ணை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அதுசரி அண்ணை, நீங்கள் காங்கேசன்துறை யாட்டிலை நிண்டனீங்கள்தானே" என்றான் தவச்செல்வன். "அங்கை தண்டவாளத்து ஆணி கழட்டினது எண்டு டியூட்டியிலை நிண்ட ரெண்டு பேரைப் பிடிச்சவங்களாம். ஒருத்தனுக்குத் துண்டு குடுத்து விட்டிட்டாங்கள். மற்றவன் வரவே இல்லை. விட்டவன் சும்மாவோ வந்திருப்பான்? வாயாலை ஏதோ குடுத்துத்தானே வந்திருப்பான். உங்களை எவ்விடத்திலை பிடிச்சவங்கள்?"

"என்னை வழியிலை பிடிச்சவங்கள். மானிப்பாய் றோட்டிலை. சோறு ஆறுது, சாப்பிடு."

அந்தத் துண்டில் பிடித்த இடம் 'காங்கேசன்துறைப் புகையிரத நிலையம்' என்று ஆங்கிலத்தில் இருந்ததை நான் வகுப்பில் வாசித்திருந்தேன். தெரிந்து கேட்கிறானா, தெரியாமல் கேட்கிறானா என்று தவச்செல்வனின் முகத்தில் தேடினேன். அவன் கத்தரிக்காயில் காம்பைத் தேடிக்கொண்டிருந்தான். அண்ணை எழும்பிப் போய்க் கதவுப்பிடியை இழுத்துப் பார்த்தார். நாங்கள் மூவரும் உள்ளேதான் இருந்தோம்.

இந்த நாளில் வாசிக்கிறவர்களுக்கு அந்தப் பயத்தை விளங்கப்படுத்துவது கடினம். பொலிஸ் பிடித்து விமானத்தில் ஏற்றிவிடும் என்ற பயம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது. அதைப் பற்றி நாங்கள் சத்தமாகப் பேசினோம். ஒருவனைக் காட்டிக்கொடுத்தவன் என்று சொல்லிவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஊரில் அப்படிப்பட்டவனைச் சுட்டுக் கட்டிவிட விளக்குக் கம்பம் இருந்தது. ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு பெயர் இருந்தது.

ஞாயிறு மத்தியானம், தவச்செல்வன் வேலைக்குப் போனபிறகு, நாடாவைக் கழற்றிப் பார்ப்போம் என்றார் அண்ணை. கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஆவியில் கடதாசியின் ஒரு மூலையைப் பிடித்தார். நகத்தால் நாடாவின் விளிம்பைக் கிளப்பினார். அது கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முத்திரையின் ஓரத்துக்கு வந்ததும் நான் "அண்ணை" என்றேன். நாடாவோடு ஊதா மையும் வந்துகொண்டிருந்தது. முத்திரையின் வட்டத்தில் ஒரு நெல்லளவு இப்போது கடதாசியில் இல்லை, நாடாவில் இருந்தது.

அவர் இழுப்பதை நிறுத்தினார். பிறகு கிளப்பிய பகுதியைத் திரும்ப அமர்த்தி, பெருவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே காற்றுக் குமிழிகள் நின்றுவிட்டன. இப்போது பார்த்தால் யாருமே பொய்ப் பத்திரம் என்றுதான் சொல்வார்கள்.

"அண்ணை, அந்த ரெண்டு பேரிலை…" என்று தொடங்கினேன். எனக்கு முடிக்கத் தைரியம் வரவில்லை.

"நான்தான்" என்றார். "மற்றவன் அந்தோனிதாஸ். மன்னார்ப் பெடியன். ரெண்டு பேரும் ஒரே அறையிலை. அடிச்சவங்கள். நான் ஒண்டும் சொல்லேல்லைத் தம்பி. சொல்லுறதுக்கு எனக்கு ஒண்டும் தெரியாது. பத்தொன்பதாம் நாள் என்ர பேரை மட்டும் கூப்பிட்டாங்கள். ஏன் விட்டவங்கள் எண்டு இண்டைக்கும் தெரியேல்லை. அதுதான் பயம். காரணம் தெரிஞ்சால் ஆருக்கும் சொல்லலாம்."

"ஆர் அண்ணை கிழிச்சது?"

"அதைக் கேக்காதை."

வியாழக்கிழமை நான் அவரோடு போனேன். என்னை உள்ளே விடமாட்டார்கள். நடைபாதை வாங்கில் இருந்தேன். மொழிபெயர்ப்பாளர் சூரிச்சிலிருந்து வந்த தமிழர். கோட்டும் கழுத்துப்பட்டியும். சிநேகமாகச் சிரித்துக்கொண்டு கை கொடுத்தார்.

"வணக்கம் அண்ணை. எவடம் நீங்கள்?"

தமிழனைக் கண்டால் தமிழன் முதலில் கேட்கிற கேள்விதான். அண்ணையின் கை அவருடைய கைக்குள் விறைத்துப்போனதை நான் பார்த்தேன். அந்த அறைக்குள் சொல்லப்போவதெல்லாம் இந்த மனிதரின் காதுக்குள்ளால்தான் போகவேண்டும். இவர் பின்னேரம் சூரிச்சில், ஓர்லிகோனில் ஒரு தமிழ்க் கடையில் நின்று தேத்தண்ணி குடிப்பார். அங்கே ஆர் கேட்பார்கள், ஆர் கதைப்பார்கள்?

மூன்றரை மணித்தியாலம். கதவு திறந்தபோது அண்ணையின் சட்டைக் கொலர் வியர்வையில் நனைந்திருந்தது. விசாரணையின் பிரதியைப் பிறகு நானும் மொறாக்கும் உட்கார்ந்து வாசித்தோம். அதில் கடதாசி பற்றி இருந்தது இவ்வளவுதான்:

கேள்வி: இதை ஒட்டியது யார்? பதில்: நான்தான். இங்கே, போன கிழமைகளில், வேலை செய்யும் இடத்து நாடாவால். கேள்வி: ஏன்? பதில்: அதிகாரிகளுக்குக் கிழிந்த கடதாசி கொடுக்கக் கூடாது. கேள்வி: இராணுவம் கிழித்ததா? பதில்: இல்லை. கேள்வி: அப்படியானால் யார்? பதில்: சொல்லமாட்டேன். கேள்வி: சொல்ல மறுப்பது உங்கள் மனுவுக்குப் பாதகம் என்பது விளங்குகிறதா? பதில்: விளங்குகிறது.

தவச்செல்வனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு வசனம் அண்ணை! ஒரே ஒரு வசனம்! உங்களைப் பிளேனிலை ஏத்தேக்கை அதுக்குச் சில்லுக்கு அடியிலை இந்தக் கட்டையை வைப்பியளோ?"

"கத்தாதை, கீழ் மாடிக்காரர் முறைப்பாடு குடுப்பினம்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு காத்திருந்தோம். எங்கள் தபால்காரன் ஒன்பதே காலுக்கு வருவான். பதிவுத் தபால் என்றால் மாடி ஏறி வருவான், சாதாரணத் தபால் என்றால் கீழே பெட்டியில் போடுவான். அதனால் படியில் கேட்கும் சப்பாத்துச் சத்தம்தான் தீர்ப்பு. சனிக்கிழமைகளில் மூவரும் கட்டிலில் இருந்தபடி எண்ணுவோம். முதலாம் மாடி, இரண்டாம் மாடி. சத்தம் அங்கே நின்று வேறு கதவைத் தட்டினால் மூச்சு விடுவோம். யாருக்கோ கெட்ட செய்தி என்பது அந்த மூச்சில் எங்களுக்கு ஞாபகம் வராது.

எண்பத்தேழு பங்குனியில் சத்தம் மூன்றாம் மாடிக்கு வந்தது. மனு நிராகரிக்கப்பட்டது. பத்திரத்தின் நம்பகத்தன்மையை ஏற்க முடியாது, அது சேதமான விதத்தை மனுதாரர் விளக்க மறுத்தார், குறித்த திகதிக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். நான் வாசிக்க, அண்ணை ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டினார், வேறு யாருடையதோ கடிதம் போல.

மொறாக் முப்பது நாளுக்குள் மேன்முறையீடு எழுதினார். தொழிற்சாலை முதலாளி ஒரு நற்சாட்சிக் கடிதம் கொடுத்தார். அதற்கும் பதில் வரவில்லை, பிடித்து அனுப்ப ஆட்களும் வரவில்லை. விடியற்காலையில் வந்து பிடிக்கிறார்கள் என்று கதை வரும் கிழமைகளில் அண்ணை ஐந்து மணிக்கே எழும்பி, முகம் கழுவி, முழுக் காற்சட்டையோடு கட்டிலில் இருப்பார். பெட்டி கட்டில் காலோடு சாய்ந்திருக்கும். "சாறத்தோடை இழுத்துக்கொண்டு போகக் கூடாது" என்பார். இப்படி இரண்டு வருடம். தலைமயிர் அந்த இரண்டு வருடத்தில்தான் நரைத்தது.

தவச்செல்வன் அந்தக் கோடையில் ஓர்லிகோனுக்கு வேலை எடுத்துக்கொண்டு போனான். பெட்டியைத் தூக்கியவன் வாசலில் நின்று, "நான் கனக்கக் கதைச்சிட்டன் அண்ணை. மனசிலை வைக்காதேங்கோ" என்றான்.

"நீ கதைக்காட்டில் இந்த அறையிலை ஆர் கதைக்கிறது? இவனோ?" என்று என்னைக் காட்டினார். மூவரும் சிரித்தோம். ஆனால் அவன் போன அன்று தொடங்கி, ஓர்லிகோனிலிருந்து யார் வந்தாலும் அவர் கீழே இறங்கிப் போகமாட்டார்.

எண்பத்தொன்பது சித்திரையில் தலைநகர் பேர்ணிலிருந்து கடிதம் வந்தது. மேன்முறையீடு ஏற்கப்பட்டது, சுவிஸில் தங்கலாம். நான் படியிலேயே நின்று உரத்து வாசித்தேன். அவர் படியில் இருந்துவிட்டார். 

"ஏன் எண்டு போட்டிருக்கோ?"

திரும்ப வாசித்தேன். மனுக்கோவையில் புதிதாகச் சேர்ந்த விபரங்களைக் கருத்தில் கொண்டு என்று ஒரு வரி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. நாங்கள் புதிதாக எதையும் அனுப்பவில்லை. மொறாக்கிடம் கேட்டோம், அவரும் அனுப்பவில்லை.

"அப்ப இதுவும் அந்த மாதிரித்தான்" என்றார். "பேரைக் கூப்பிட்டு விட்டிருக்கிறாங்கள். ஏன் எண்டு சொல்லேல்லை."

கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைக்குள் வைத்தார். அன்றும் கதவுக்கு ஸ்கொச் வைத்தார்.

அந்த வருடம் புரட்டாதியில் ஒரு நண்பனின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று துன் நகரத்துக்குப் போனேன். குசினியில் றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த பெண் நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். நொஷாட்டல் என்றேன். எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தார்.

"அங்கை உருத்திரமூர்த்தி எண்டு ஒராள், ரெயில்வேயிலை வேலை செய்தவர், இருக்கிறாரோ?"

 ஓம் என்பதா, தெரியாது என்பதா என்று யோசித்தேன். அவர் அதைக் கண்டுகொண்டார்.

"பயப்பிடாதை தம்பி. நான் யூலியானா. அந்தோனிதாஸின்ர மனிசி."

அடுப்படியில் நின்றே சொன்னார். புருசன் வரவே இல்லை. எண்பத்தெட்டில் பிள்ளையோடு சுவிசுக்கு வந்தார். எண்பத்தொன்பது மாசியில் பேர்ணில் விசாரணை. உன் புருசனைப் பிடித்ததற்கு யார் சாட்சி என்று கேட்டார்களாம்.

"அவரோடை பிடிபட்ட உருத்திரமூர்த்தி எண்டு சொன்னன். அவரை விட்டவங்கள், துண்டு குடுத்தவங்கள். விட்ட அண்டைக்கே நேரை எங்கட வீட்டை வந்து, அந்தோனி உயிரோடை இருக்கிறான் எண்டு சொன்னவர். நான் அவற்ரை கையிலை இருந்த துண்டைப் பறிச்சு, உனக்கு மட்டும் ஏன் தந்தவங்கள் எண்டு கத்திக் கத்திக் கிழிச்சனான். அந்தாள் குனிஞ்சு பொறுக்கிக்கொண்டு போச்சுது. அதையும் சொன்னன், ஏனெண்டால் அதுதான் நடந்தது."

விசாரித்த அதிகாரி எழுந்து வெளியே போனாராம். அரை மணித்தியாலம் கழித்து ஒரு கோவையோடு வந்தார். அதிலிருந்து ஒரு போட்டோப் பிரதியை எடுத்து யூலியானாவுக்கு முன்னால் வைத்து, எப்படிக் கிழித்தீர்கள் என்று கேட்டார். யூலியானா ஒரு வெற்றுத் தாளைக் கேட்டு வாங்கி, முதலில் நெடுக்காகவும் பிறகு குறுக்காகவும் கிழித்து, நாலு துண்டையும் அந்தப் பிரதிக்குப் பக்கத்தில் அடுக்கிக் காட்டியிருக்கிறார். அதிகாரி இரண்டின் கோடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அந்த நாலு துண்டையும் அண்ணையின் கோவைக்குள் வைத்துக்கொண்டாராம்.